ஜான் சார்லஸ்: திருப்பி அடிக்காத மனிதர்

1997-இல் இத்தாலியின் டூரின் நகரத்து யுவென்டஸ் கிளப்புக்கு நூறு வயது நிறைந்தது. அந்தச் சமயத்தில் ரசிகர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: இந்தக் கிளப்பில் இதுவரை ஆடிய வெளிநாட்டு வீரர்களில் யார் சிறந்தவர்? பதில் சொல்வது லேசான வேலையில்லை. மிஷெல் பிளாட்டினி அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர். ஜினெடின் ஜிடேன் அப்போதுதான் வந்து சேர்ந்து, வாரா வாரம் அவர்கள் கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்தார். ஒமார் சிவோரி இருந்தார், போனியெக் இருந்தார். ரசிகர்கள் தேர்ந்தெடுத்ததோ முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்பே அந்த ஊரைவிட்டுப் போய்விட்ட ஒரு வேல்ஸ்காரரை. அவர் பெயர் ஜான் சார்லஸ்.

நம்மில் பலருக்கு வேல்ஸ் கால்பந்து என்றால் கேரத் பேல், கொஞ்சம் பழைய ஆட்களுக்கு ரையன் கிக்ஸ், இயன் ரஷ். சார்லஸ் ஆடியது தொலைக்காட்சி வீடுகளுக்குள் பரவுவதற்கு முந்தைய காலம். அதனால் அவரைப் பற்றிய பேச்சே குறைவு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆட்டம், ஆட்டம் முடிந்த பிறகு வந்த வாழ்க்கை, கடைசி நோய் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் காலத்துக் கால்பந்து தன் வீரர்களை எப்படி நடத்தியது என்பது முழுசாகத் தெரியும்.

1931 டிசம்பர் 27-ஆம் தேதி ஸ்வான்ஸீ நகரின் கும்பூர்லா பகுதியில் பிறந்தவர். தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த பகுதி. அந்த ஒரு நகரம் அந்தத் தலைமுறையில் தந்த வீரர்களின் பட்டியலே தனிக் கட்டுரைக்கு ஆகும்: ஐவர் ஆல்சர்ச், டிரெவர் ஃபோர்டு, கிளிஃப் ஜோன்ஸ், டெர்ரி மெட்வின், ஜானின் தம்பி மெல் சார்லஸ். பள்ளியை விட்டதும் உள்ளூர் கிளப்பான ஸ்வான்ஸீ டவுனில் மைதான வேலைக்குச் சேர்ந்தான் பையன். பெரியவர்கள் அணியில் ஆடும் வாய்ப்பு வருவதற்குள் லீட்ஸ் யுனைடெட் ஆட்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் பையன் எப்படி லீட்ஸுக்குப் போவான் என்று அவன் அம்மா கவலைப்பட்டதாக ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, ஸ்வான்ஸீயிலிருந்து பார்த்தால் இங்கிலாந்தின் வடக்கு அவ்வளவு தூரமாக இருந்த காலம் அது.

லீட்ஸில் பதினேழு வயதிலேயே சென்டர் ஹாஃப், அதாவது தற்காப்பின் நடுத்தூண். பதினெட்டு வயதில், 1950 மார்ச்சில், வேல்ஸ் அணிக்கு ஆடிவிட்டார். ஆறடி இரண்டு அங்குலம், அதற்கேற்ற உடம்பு, ஆனால் கால் மட்டும் சின்ன உருவக்காரனுடையது மாதிரி நளினம். அப்போது லீட்ஸின் மேனேஜர் மேஜர் ஃபிராங்க் பக்லி. 1952-இல் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கோலைத் தடுப்பதில் இவ்வளவு வல்லவனாக இருக்கிறானே, இவனை முன்னே அனுப்பிப் பார்த்தால் என்ன?

அடுத்த சீசனில், 1953-54-இல், 39 லீக் ஆட்டங்களில் 42 கோல். ஒரே சீசனில் லீட்ஸுக்காக அதற்கு மேல் லீக் கோல் அடித்தவர் இன்றுவரை யாருமில்லை. 1956-இல் அணி முதல் டிவிஷனுக்கு ஏறியது. ஏறிய கையோடு அங்கேயும் 38 கோல், நாட்டிலேயே அதிகம். பழைய ஆட்கள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். இங்கிலாந்தின் சென்டர் ஃபார்வர்டு நாட் லாஃப்ட்ஹவுஸிடம், நீங்கள் எதிர்த்து ஆடிய சிறந்த டிஃபென்டர் யார் என்று கேட்டால் ஜான் சார்லஸ் என்பாராம். இங்கிலாந்தின் டிஃபென்டர் பில்லி ரைட்டிடம், நீங்கள் தடுக்கத் திணறிய சிறந்த ஃபார்வர்டு யார் என்று கேட்டால் அவரும் அதே பெயரைத்தான் சொல்வாராம். இரண்டு இடத்திலும் உலகத் தரத்தில் ஆடிய வீரர் என்று எனக்குத் தெரிந்து வேறு யாரையும் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு இடத்திலும் ‘சமாளித்தவர்கள்’ நிறைய உண்டு. அது வேறு.

அவர் முன்னே போனதால் காலியான தற்காப்பு இடத்துக்கு ஒரு நெட்டைப் பையன் வந்தான். பெயர் ஜாக் சார்ல்டன். பின்னால் 1966-இல் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பை வென்றவர். இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். 1957-இல் இங்கிலாந்தில் ஒரு கால்பந்து வீரருக்கு வாரத்துக்கு 17 பவுண்டுக்கு மேல் சம்பளம் தரக் கூடாது என்பது விதி. 38 கோல் அடித்தாலும் அதே 17. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விட்டால்தான் வேறு இடத்துக்குப் போக முடியும். அந்தச் சூழலில் யுவென்டஸின் இளம் தலைவர் உம்பெர்த்தோ அன்யெல்லி, ஜிஜி பெரொனாச்சே என்ற தரகரோடு வந்து சேர்ந்தார். லீட்ஸின் குவீன்ஸ் ஹோட்டலில் பேச்சு நடந்து, 65,000 பவுண்டுக்கு முடிந்தது. ஒரு பிரிட்டிஷ் வீரருக்காக அதுவரை யாரும் கொடுத்திராத தொகை. கையெழுத்துக்காக மட்டும் சார்லஸுக்குக் கிடைத்தது 10,000 பவுண்டு. இங்கிலாந்தில் அந்தத் தொகையைச் சம்பாதிக்க அவருக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

லீட்ஸ் ஏன் விற்றது? 1956 செப்டம்பரில் எல்லண்ட் ரோடு மைதானத்தின் மேற்கு ஸ்டாண்ட் தீப்பிடித்து எரிந்துபோயிருந்தது. காப்பீட்டுப் பணம் போதவில்லை. புதிய ஸ்டாண்ட் கட்டப் பணம் தேவைப்பட்டது. அதே 1957-இல் யுவென்டஸ் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட்டிலிருந்து சிவோரியை வாங்கியது. ரிவர் பிளேட் அந்தப் பணத்தில் தன் மைதானத்தின் திறந்து கிடந்த பக்கத்தைக் கட்டி முடித்தது. ஒரே வருடத்தில் ஒரே கிளப் இரண்டு பேரை வாங்க, அந்தப் பணத்தில் உலகின் இரு மூலைகளில் இரண்டு ஸ்டாண்டுகள் எழுந்தன. இன்று புவெனஸ் ஐரிஸில் அந்தப் பகுதியின் பெயர் சிவோரி. லீட்ஸின் மேற்கு ஸ்டாண்டின் பெயர் ஜான் சார்லஸ். கால்பந்து வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த தகவல்களில் இது ஒன்று.

டூரினில் அவரை வரவேற்ற கிளப் தள்ளாடிக்கொண்டிருந்தது. முந்தைய சீசனில் ஒன்பதாவது இடம். கடைசியாக லீக் வென்றது 1952-இல். அங்கே சார்லஸ், சிவோரி, உள்ளூர் நாயகன் ஜாம்பியெரோ போனிபெர்ட்டி என்று மூன்று பேர் சேர்ந்தார்கள். இதைவிடப் பொருந்தாத மூன்று பேரைக் கற்பனை செய்வது கஷ்டம். சிவோரி சின்ன உருவம், காலுறையைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டுக்கொண்டு எதிராளியின் கால்களுக்கு நடுவே பந்தைத் தட்டி அவமானப்படுத்துவார். சட்டென்று கோபம் வரும், சண்டைக்குப் போவார், தடை வாங்குவார். சார்லஸ் நேர் எதிர். இருவரும் ஒருவரை ஒருவர் முழுமையாக்கினார்கள். முதல் சீசனிலேயே சார்லஸ் 28 கோல். இத்தாலிய லீக்கில் அந்த ஆண்டு வேறு யாரும் அவ்வளவு அடிக்கவில்லை. யுவென்டஸுக்கு அது பத்தாவது லீக் பட்டம்; சட்டையில் தங்க நட்சத்திரம் வைத்துக்கொள்ளும் உரிமை அதனால் வந்தது. தொடர்ந்து 1960, 1961 என மேலும் இரண்டு லீக் பட்டங்கள், இரண்டு இத்தாலியக் கோப்பைகள். 1959-இல் ஐரோப்பாவின் சிறந்த வீரர் தேர்வில் டி ஸ்டெஃபனோவுக்கும் கோபாவுக்கும் அடுத்து மூன்றாம் இடம்.

இந்த எண்களை மட்டும் வைத்து டூரின்காரர்களின் அன்பை விளக்க முடியாது. அக்கால இத்தாலியத் தற்காப்பு எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். சட்டையைப் பிடித்து இழுப்பது, குதிகாலில் மிதிப்பது, நடுவர் திரும்பியதும் முழங்கையால் இடிப்பது எல்லாம் அன்றாடம். மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எதுவும் அப்போது கிடையாது. அவை வந்ததே 1970-இல். நடுவர் பெயரை எழுதிக்கொள்வார், அல்லது வெளியேற்றுவார். சார்லஸ் தன் வாழ்நாளில் ஒருமுறைகூட வெளியேற்றப்பட்டதில்லை. அவர் பெயர் நடுவரின் நோட்டில் ஏறியதும் இல்லை. ஒரே ஓர் இடி கொடுத்திருந்தால் எதிராளி ஸ்ட்ரெச்சரில் போயிருப்பான், அவ்வளவு பலம். கொடுக்கவில்லை.

அதே ஊரின் இன்னொரு கிளப்பான டொரினோவுக்கு எதிரான ஊர்ச் சண்டை ஆட்டம் ஒன்றைப் பற்றி இன்றும் சொல்வார்கள். பந்தோடு பாய்ந்தபோது சார்லஸின் உடம்பு பட்டு டொரினோ டிஃபென்டர் மயங்கி விழுந்துவிட்டார். எதிரே கோல் கீப்பர் மட்டும்தான். சார்லஸ் திரும்பிப் பார்த்தார், பந்தை வெளியே தட்டிவிட்டு விழுந்தவரைத் தூக்கப் போனார். யுவென்டஸ்காரர்களுக்கு அந்தக் கணத்தில் எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. டொரினோ ரசிகர்கள் மட்டும் அதை மறக்கவே இல்லை. ஜென்ம எதிரி கிளப்பின் கோல்காரரை அவர்களும் சேர்ந்து மதித்தார்கள். ‘இல் ஜிகாந்தே புவோனோ’ என்று இத்தாலி முழுக்க அவரைக் கூப்பிட்டது. நல்ல மனசுக்கார ராட்சசன். மைதானத்தில் அவர் கையை ஓங்கியதாக ஒரே ஒரு கதைதான் உண்டு. அது சிவோரி நடுவரோடு மல்லுக்கு நின்றபோது, ஆளைச் சுயநினைவுக்குக் கொண்டுவர அவர் கன்னத்தில் விட்ட ஓர் அறை. சொந்த அணிக்காரர்!

இந்தக் குணத்தைச் சாதுத்தனம் என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பயந்தவன் திருப்பி அடிக்காமல் இருப்பது வேறு. தொண்ணூறு நிமிடமும் உதை வாங்கி, திருப்பிக் கொடுக்கும் வலு முழுவதும் இருந்து, கொடுப்பதில்லை என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுப்பது வேறு. இருபது வருடத்துக்கும் மேல் அந்த முடிவில் நின்றவர் அவர்.

அதற்கு விலையும் கொடுத்தார். 1958 உலகக் கோப்பையில்.

வேல்ஸ் அந்தக் கோப்பைக்குப் போன விதமே விசித்திரம். தகுதிச் சுற்றில் தோற்றுவிட்டார்கள். அதே சமயம் ஆசிய, ஆப்பிரிக்கப் பிரிவில் இஸ்ரேலோடு ஆட மறுத்து எல்லா அணிகளும் விலகிக்கொண்டன. ஓர் ஆட்டம்கூட ஆடாமல் ஒரு நாடு தகுதி பெறக் கூடாது என்று ஃபிஃபா, இரண்டாம் இடம் வந்த அணிகளில் குலுக்கல் போட்டது. முதலில் வந்த பெல்ஜியம் வேண்டாம் என்றுவிட, அடுத்து வேல்ஸ். இஸ்ரேலை இரண்டு ஆட்டத்திலும் 2-0 என்று வென்று உள்ளே போனார்கள். இரண்டாவது ஆட்டம் 1958 பிப்ரவரி 5, கார்டிஃபில். வேல்ஸ் மேனேஜர் ஜிம்மி மர்ஃபி, மான்செஸ்டர் யுனைடெட்டில் மாட் பஸ்பியின் உதவியாளரும்கூட. கார்டிஃப் ஆட்டத்துக்காக அவர் தங்கிவிட்டதால் மான்செஸ்டர் அணியோடு பெல்கிரேடுக்குப் போகவில்லை. மறுநாள் அந்த அணி திரும்பி வந்த விமானம்தான் மியூனிக்கில் நொறுங்கியது.

உலகக் கோப்பை நடந்த சுவீடனுக்குச் சார்லஸ் வந்து சேர்வதே இழுபறியாக இருந்தது. இத்தாலியர்கள் அனுமதி தரத் தாமதித்தார்கள். கடைசி நேரத்தில்தான் அணியோடு சேர்ந்தார். ஹங்கேரியோடு முதல் ஆட்டத்தில் தலையால் முட்டி ஒரு கோல், 1-1. மெக்சிகோவோடும் 1-1, சுவீடனோடு 0-0. ஹங்கேரியும் வேல்ஸும் சம புள்ளி என்பதால் மறுபடி மோதல். அந்த ஆட்டத்தில் ஹங்கேரிக்காரர்கள் அவரை உதைத்தே கவனித்துக்கொண்டார்கள். ஆல்சர்ச்சும் மெட்வினும் கோல் அடித்து வேல்ஸ் 2-1 என்று வென்றது. இரண்டு நாள் கழித்துக் காலிறுதி, எதிரே பிரேசில். சார்லஸால் ஆட முடியவில்லை.

அவர் இல்லாத வேல்ஸ் பிரேசிலை இரண்டாம் பாதி வரை தாக்குப்பிடித்தது. இடப்பக்கம் மெல் ஹாப்கின்ஸ் காரின்ச்சாவைக் கட்டிப்போட்டார். கோல் கீப்பர் ஜாக் கெல்சி ஒவ்வொன்றாகத் தடுத்தார். கடைசியில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஒரு தட்டுத் தட்டித் திரும்பி உதைத்த பந்து உள்ளே போனது. பெலேயின் முதல் உலகக் கோப்பை கோல். 1-0. சார்லஸ் ஆடியிருந்தால் வேல்ஸ் வென்றிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த பிரேசில் அணி அப்படிப்பட்டது. ஆனால் வேல்ஸ்காரர்கள் அந்த ‘இருந்திருந்தால்’ என்ற சொல்லை அறுபத்து நான்கு வருடம் சுமந்தார்கள். அடுத்த உலகக் கோப்பை அவர்களுக்கு 2022-இல்தான் கிடைத்தது.

1962-இல் டூரினை விட்டு லீட்ஸுக்கே திரும்பினார். டான் ரெவியின் அணி, இரண்டாம் டிவிஷன், 53,000 பவுண்டு. இத்தாலியின் நிதானமான ஆட்டத்துக்கும் பயிற்சிக்கும் பழகிய உடம்புக்கு இங்கிலாந்தின் வேகம் ஒத்துவரவில்லை. 11 ஆட்டங்கள், 3 கோல். சில மாதத்திலேயே ரோமாவுக்கு 70,000 பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள். இதில்கூட லீட்ஸுக்கு லாபம்தான். ரோமாவிலும் நீடிக்கவில்லை. கார்டிஃபில் சில வருடங்கள். தம்பி மெல்லும் அப்போது அங்கே. 1966-இல் லீக்குக்கு வெளியே ஆடிய ஹெரஃபோர்டு யுனைடெட்டுக்குப் போய், பிறகு அங்கேயே வீரராகவும் மேனேஜராகவும் 1971 வரை. யுவென்டஸ் நட்சத்திரம் சின்ன ஊர் மைதானத்தில் சனிக்கிழமை தோறும் ஆடுவதைப் பார்க்கக் கூட்டம் வந்தது. அவர் போன மறுவருடம், 1972-இல், அந்த ஹெரஃபோர்டு முதல் டிவிஷன் அணியான நியூகாசிலை எஃப்.ஏ. கோப்பையிலிருந்து வெளியேற்றி நாட்டையே அதிரவைத்து, லீக்கிலும் இடம்பிடித்தது. அந்த வெற்றியின் புகழ் அவர் பேரில் எழுதப்படவில்லை. அடித்தளத்தில் அவர் பங்கும் உண்டு என்று நான் நம்புகிறேன்.

அதற்குப் பின் மெர்தர் டிட்ஃபிலில் மேனேஜர் வேலை, ஸ்வான்ஸீயில் இளைஞர் அணிப் பயிற்சி, கனடாவில் ஹாமில்டன் அணியோடு கொஞ்ச நாள். இதற்கெல்லாம் முன்னும் பின்னும் தொழில் முயற்சிகள். டூரினில் கூட்டாகத் தொடங்கிய உணவகம் கைகொடுக்கவில்லை. கார்டிஃபில் விளையாட்டுப் பொருள் கடை போட்டார். லீட்ஸை ஒட்டிய சர்வெல் என்ற இடத்தில் பப் நடத்தினார். எதிலும் பணம் தங்கவில்லை. யாரையும் எளிதில் நம்புவார், கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது என்று அவரை அறிந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள். மைதானத்தில் அவரைக் காப்பியமாக்கிய குணம் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அவரைக் கவிழ்த்துவிட்டது. 1980-களின் இறுதியில், உள்ளாட்சி வரி பாக்கிக்காக அவரைச் சிறைக்கு அனுப்பும் அளவுக்குப் போனது. சில மணி நேரம் உள்ளே இருந்தார். வேறொருவர் பணத்தைக் கட்டி வெளியே கொண்டுவந்தார்.

இதை எழுதும்போதே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அவரை விற்ற பணத்தில் ஒரு கிளப் ஸ்டாண்ட் கட்டியது. இரண்டாம் முறை விற்றும் லாபம் பார்த்தது. அந்த நகரத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு வரி பாக்கியைக் கட்ட வழியில்லாமல் அவர் நின்றார். சம்பள உச்சவரம்பு 1961-இல் ஒழிந்தபோது அவர் காலம் முடியப்போகும் தறுவாய். அந்தத் தலைமுறை வீரர்கள் பெரும்பாலானவர்களின் நிலை இதுதான்: கூட்டம் வந்தது, டிக்கெட் விற்றது, பணம் வேறு எங்கோ போனது. சார்லஸ் இத்தாலிக்குப் போய் நன்றாகவே சம்பாதித்தவர், அவருக்கே இந்தக் கதி.

பிறகு நோய். கடைசி வருடங்களில் அல்சைமர் வந்துவிட்டது. அவர் புகழ் பாதி தலையால் வந்தது. பந்தை முட்டுவதில் அவருக்கு நிகர் யாருமில்லை என்பார்கள். அந்தக் காலத் தோல் பந்து மழையில் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். வாரம் முழுக்கப் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம், இருபது வருடம். ஒரு தனி மனிதருக்கு வந்த நோய்க்கு இதுதான் காரணம் என்று யாரும் அறுதியிட முடியாது. ஆனால் 2019-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வில்லி ஸ்டூவர்ட் குழுவினர் ஸ்காட்லாந்தின் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் தொழில்முறை வீரர்களின் ஆவணங்களை ஆராய்ந்து சொன்னது இது: நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு அவர்களுக்கு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு. 2021-இல் வந்த தொடர் ஆய்வில், தற்காப்பில் ஆடியவர்களுக்கு ஆபத்து மிக அதிகம், கோல் கீப்பர்களுக்குக் குறைவு என்று தெரிந்தது. சார்லஸ் தற்காப்பிலும் ஆடினார், முன்னணியிலும் ஆடினார். பந்தை முட்டும் இரண்டு இடங்களும் அவருடையவை. லீட்ஸில் அவர் இடத்துக்கு வந்த ஜாக் சார்ல்டனை நினைவில் வைக்கச் சொன்னேனே, அவரும் மறதி நோயோடுதான் 2020-இல் இறந்தார். அவர் தம்பி பாபிக்கும் அதே நோய்.

2001-இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு சி.பி.இ. பட்டம் கொடுத்தது. ‘சர்’ பட்டம் கொடுக்க வேண்டும் என்று பலர் வற்புறுத்தினார்கள், கடைசிவரை வரவில்லை. எந்தக் குழுவுக்கு எந்த அளவுகோலோ தெரியாது. என் கணக்கில் அது ஒரு பெரிய தவறு.

2004 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக இத்தாலி போனார். அங்கே உடல்நிலை திடீரென்று மோசமாகி, மிலானில் அறுவை சிகிச்சை. ரத்த ஓட்டம் நின்றுபோனதால் பாதத்தின் ஒரு பகுதியை எடுக்க வேண்டியதாயிற்று. யுவென்டஸ் தன் செலவில் தனி விமானம் ஏற்பாடு செய்து அவரை யார்க்‌ஷயருக்கு அனுப்பிவைத்தது. நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன் விலகிப்போன ஒரு வீரருக்காக. பிப்ரவரி 21 அன்று வேக்ஃபீல்டு மருத்துவமனையில் இறந்தார், வயது 72. லீட்ஸ் மேற்கு ஸ்டாண்டுக்கு அவர் பெயர் வைத்தது அதற்குப் பிறகுதான். அடுத்த ஆண்டு அதே பிப்ரவரியில் சிவோரியும் போய்விட்டார்.

அவருடைய ஆட்டத்தின் கறுப்பு வெள்ளைத் துண்டுகள் இணையத்தில் கொஞ்சம் கிடைக்கின்றன. யுவென்டஸ் காலத்துக் காட்சிகளைத் தேடிப் பாருங்கள். கோல்களோடு நிறுத்திவிடாதீர்கள். பந்து அவரிடம் வராத நேரத்தில் டிஃபென்டர்கள் அவரைச் சுற்றி என்ன செய்கிறார்கள், அதற்கு அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். இத்தாலியில் இருக்கும் நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தால், அவர் வீட்டுப் பெரியவர்களிடம் சார்லஸ் பெயரைச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். கேட்டதை இங்கே எழுதுங்கள், நான் ஆவலோடு படிப்பேன்.